பட்டுநூல் சந்தில் ஏழு அடி

எவாரிஸ்தோ முன்னால் நடந்தால் இத்தாலியின் பொலோன்யாவில் பழைய நகரத்தைச் சுற்றிவர மூன்று மணி நேரம் பிடிக்கும். வட்டாரச் சங்கத்தின் நடை அறிவிப்பில் ஒன்றரை மணி என்றுதான் போட்டிருக்கும். யாரும் புகார் சொன்னதில்லை. முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டிய மனிதர். அத்தனை வருஷமும் நிமிஷக் கணக்கில் நின்று நிமிஷக் கணக்கில் கிளம்பியதற்கு, ஓய்வு பெற்றபின் ஒவ்வொரு கல்லின் முன்னாலும் நின்று பழி தீர்த்துக்கொண்டார் என்பது அவருடைய சிநேகிதர் லோரிஸின் கண்டுபிடிப்பு.

போன நவம்பரில் எவாரிஸ்தோ இறந்துபோனார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து, அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போன பாதையை ஒரு சிறு புத்தகமாகப் போடுவது என்று வட்டாரச் சங்கம் தீர்மானித்தது. அட்டையில் அவர் பெயர். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துக் கொடுக்கும்படி சங்கத்தின் செயலாளர் இன்ஜினியர் கவாத்ஸா அச்சுப்படியை நெரினாவிடம் கொடுத்தார். நெரினா எவாரிஸ்தோவின் மனைவி. நகரசபையில் முப்பத்துநான்கு வருஷம் சர்வேயராக இருந்தவள். தாளைப் பார்த்துக் கொடுப்பது அவளுக்குப் புதிதல்ல.

சமையலறை மேசையில் விரித்துப் படித்தாள். அரண்மனைச் சுவரில் செதுக்கிய பழைய அளவுகள், நெப்டியூன் நீரூற்று, இரட்டைக் கோபுரங்கள், ஏழு கோயில் சதுக்கம், எல்லாம் வரிசையாக இருந்தன. ஒரு எழுத்துப் பிழை, ஒரு தேதிப் பிழை. இரண்டையும் திருத்தினாள். மொத்தம் பதின்மூன்று நிறுத்தங்கள். பதினான்காவது எங்கே போயிற்று என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதை எடுத்தது அவள்தான்.

பட்டுநூல் சந்து, கோபுரங்களிலிருந்து நாலு நிமிஷ நடை. அங்கே ஒரு வீட்டின் முன்னால் மூன்று மரத்தூண்கள் மேல்மாடியைத் தாங்கி நிற்கின்றன. அக்கம்பக்கத்துத் தாழ்வாரங்களுக்கெல்லாம் செங்கல் தூண். இதற்கு மட்டும் ஓக் மரம், கறுத்து இரும்பாக இறுகிப்போனது. எவாரிஸ்தோவுக்கு ஊரிலேயே பிடித்த வீடு அதுதான். நகரசபை ஆயிரத்து இருநூற்று எண்பத்தெட்டில் ஒரு சட்டம் போட்டது. வீட்டு முன்னால் எல்லோரும் தாழ்வாரம் வைக்க வேண்டும், அது ஏழு அடிக்குக் குறையக் கூடாது, குதிரைமேல் வருகிறவன் தலை இடிக்காமல் போக வேண்டும். ஊர் அடி என்பது முப்பத்தெட்டு சென்டிமீட்டர். ஏழு அடிக்கு இரண்டு மீட்டர் அறுபத்தாறு. பொலோன்யாவில் பள்ளிக்கூடம் போன ஒவ்வொருவருக்கும் இது மனப்பாடம். சொந்தப் பிள்ளையின் பிறந்தநாளை மறந்தாலும் மறப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள். அந்தச் சட்டம் போட்ட தலைமுறையில் கட்டின வீடு இது என்று எவாரிஸ்தோ சொல்லிக்கொண்டிருந்தார். தூணைத் தட்டிக்காட்டி, கற்பனைக் குதிரை ஒன்றை அதன் கீழே குனியாமல் ஓட்டிக் காட்டுவார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டுச் சுவரில் ஒரு பெயர்ப்பலகை வைக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. முறையான அளவு வேண்டும் என்றார் கவாத்ஸா. நெரினாதான் போய் அளந்தாள். தரையிலிருந்து உத்தரம் வரை இரண்டு மீட்டர் நாற்பத்தொன்று. மூன்று இடத்தில் அளந்தாள், மூன்றும் அதேதான்.

அன்று ராத்திரி சாப்பாட்டில், சூப்பில் மிதந்த, இறைச்சி அடைத்து மடித்த தோர்த்தெல்லினியை அவர் கரண்டியில் எடுத்தபோது சொன்னாள்.

“ரெண்டு நாப்பத்தொண்ணு.”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “தூணோட அடி மக்கிப்போயிருக்கும். அறுத்துக் குறைச்சிருப்பாங்க.”

“இருபத்தஞ்சு சென்டிமீட்டர் அறுத்தா மேல்மாடி இருபத்தஞ்சு இறங்கணும். ஜன்னல் எல்லாம் பக்கத்து வீட்டோட ஒரே மட்டத்துல நிக்குது. பாத்திருக்கியா?”

“இல்ல.” கரண்டியை மறுபடி எடுத்தார். “சரி, தரை ஏறியிருந்தா?”

“வாசப்படியும் தரையும் ஒரே மட்டம். தரை ஏறும், வாசப்படி ஏறுமா? நூறு வருஷத்துக்கு முன்னால ஒரு மோகம் வந்துதே, புது வீட்டையெல்லாம் பழசு மாதிரி காட்டற மோகம், அப்ப நட்ட தூணு இது. அந்தக் காலத்துல ஏழு அடியை யார் கேட்டாங்க?”

“அப்படியா.”

“அளந்துட்டுத்தான் சொல்றேன்.”

“நீ சொன்னா சரிதான்,” என்றார். சூப்பைக் குடித்து முடித்தார்.

நெரினா தன் முத்திரையோடு கடிதம் எழுதிச் சங்கத்துக்குக் கொடுத்தாள். பலகைப் பேச்சு நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் எவாரிஸ்தோ பட்டுநூல் சந்துக்கு முந்தின மூலையிலேயே கூட்டத்தைத் திருப்பினார். அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தான் ஜெயித்தது அவளுக்கு அப்போது இயல்பாக இருந்தது. அளவு விஷயத்தில் அவள் தோற்றதே கிடையாது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லோரிஸ் போன் செய்தார்.

“நெரினா, உன் வீட்டுக்காரனோட வீட்டை நோண்டறாங்க.”

“எந்த வீடு?”

“எத்தனை வீடு வெச்சிருந்தான் அவன்? தூண் வீடுதான். தண்ணிக் குழாய் மாத்தறாங்க. சந்துல இருந்து தாழ்வாரத்துக்குள்ள வரைக்கும் பள்ளம். நடுத்தூணை ஒட்டிப் போவுது. சாயங்காலம் மூடிடுவாங்களாம்.”

“நீ எப்பத்துல இருந்து அங்க நிக்கற?”

“ஏழு மணில இருந்து. எனக்கு வேற என்ன வேலை?”

பொலோன்யாவில் ஓய்வு பெற்ற ஆண்களுக்கு எங்கே பள்ளம் தோண்டினாலும் மூக்கு வியர்க்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தடுப்புக்கு வெளியே நின்று, உள்ளே வேலை செய்கிறவன் தவறாகச் செய்கிறான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அவர்களுக்கு ஊரில் உமரேல் என்று ஒரு பெயரே உண்டு. லோரிஸ் பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்யும் ஆலையில் நாற்பது வருஷம் இருந்தவர். இப்போது முழுநேர உமரேல்.

போனை வைத்தபின் நெரினா அச்சுப்படியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை காலை அச்சகம். இன்றைக்குப் பள்ளத்தில் எதுவும் தெரியவில்லை என்றால் பதின்மூன்று பதின்மூன்றாகவே இருக்கும், அவர் பெயர் போட்ட புத்தகத்தில் அவருக்குப் பிடித்த வீடு இருக்காது. தெரிந்தால், அவளுடைய கடிதம் பொய்யாகும். இரண்டில் எது நடந்தாலும் இன்றைக்கு நடக்க வேண்டும். லேசர் கருவியை அலமாரியிலேயே விட்டுவிட்டு இரும்பு டேப்பை மட்டும் பையில் போட்டாள். அச்சுப்படியையும் மடித்து வைத்தாள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பொலோன்யாவில் மழைக்குக் குடை எடுப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். அவள் தாழ்வாரத்துக்குள் தாழ்வாரமாக நடந்து, பெரிய சதுக்கத்தில் மட்டும் நனைந்து, கோபுரங்களின் கீழே வந்தாள். சாய்ந்த கோபுரத்தைச் சுற்றித் தடுப்பு. கால் நூற்றாண்டு அவளுடைய அலுவலகம் அதன் சாய்வை மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டு வந்தது. அவளும் எழுதியிருக்கிறாள். அடிப்பகுதியைச் சுற்றியிருந்த சாம்பல் நிறக் கல்லைப் போகிற போக்கில் பார்த்தாள். ஜிப்சக் கல். ஊருக்கு வெளியே மலையில் வெட்டினது. வெளிச்சம் பட்டால் உப்பாக மினுங்கும். பழைய ஆட்கள் அஸ்திவாரத்துக்கு அதைத்தான் போட்டார்கள். பிற்காலத்தில் அதை வெட்டுவதை விட்டார்கள்.

பட்டுநூல் சந்தில் தடுப்பைச் சுற்றி ஐந்து கிழவர்கள். லோரிஸ் நடுவில், தொப்பியோடு.

“வந்துட்டா பாரு நகரசபை,” என்றார் ஒருவர்.

“வழி விடுங்கப்பா, அம்மா சர்வேயரு. உங்க வயிறு எத்தனை மீட்டர்னு அளந்துடுவா,” என்றார் லோரிஸ்.

பள்ளத்துக்குள் ஒரு பெண் முழங்காலிட்டு, பக்கச்சுவரைச் சிறு கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் தலைக்கவசம், சேறு படிந்த பூட்ஸ். பழைய நகரத்தில் எங்கே தோண்டினாலும் ஒரு தொல்லியல்காரர் கூடவே நிற்க வேண்டும் என்பது விதி. இவள் பெயர் மிர்கா. வயது முப்பத்தைந்து இருக்கும். ஏழு மணியிலிருந்து ஐந்து கிழவர்களின் ஆலோசனையைக் கேட்ட களைப்பு முகத்தில் இருந்தது.

நெரினா தடுப்பின்மேல் கை வைத்துக் குனிந்து பார்த்தாள்.

பார்த்தவுடனே தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள், ஒரு கணம்தான். பள்ளத்தின் வெட்டுமுகம் வெட்டின கேக்காக அடுக்கடுக்காக நின்றது. மேலே இப்போதைய பாவுகல், அதன் கீழே சிமென்ட், அதன் கீழே செங்கல் வரிசை, அதன் கீழே கறுத்த மண், எல்லாவற்றுக்கும் கீழே ஆற்றுக் கூழாங்கல் பரப்பு, நடந்து நடந்து வழவழவென்று தேய்ந்தது. நடுத்தூணின் மரம் பாவுகல்லோடு முடியவில்லை. பாவுகல்லுக்குச் சற்றே கீழே ஒரு சாம்பல் நிறப் பாளத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. அந்தப் பாளம் கூழாங்கல் வரை இறங்கி நின்றது. மழைமேகத்துக்குக் கீழேயும் மினுங்கியது.

“ஜிப்சக் கல்,” என்றாள் நெரினா.

மிர்கா நிமிர்ந்து பார்த்தாள். “ஆமா. நீங்க யாரு?”

“நகரசபைல சர்வேயரா இருந்தேன். அந்தக் கூழாங்கல் தரையில இருந்து பாவுகல் மேல்மட்டம் வரைக்கும் எவ்வளவு வரும்?”

“நான் இன்னும் எழுதலை. அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கரை சரியும்.”

“நான் உள்ள வரல. நீங்களே உங்க கையால அளந்து சொல்லுங்க. இந்தாங்க டேப்.”

“எங்கிட்ட டேப் இருக்கு.”

“அப்ப இன்னும் நல்லது.”

மிர்கா சிரிக்காமல் அவளைப் பார்த்தாள். பிறகு அளந்தாள். “இருபத்தேழு.”

“இன்னொரு இடத்துல?”

“இருபத்தேழு. இங்க இருபத்தாறரை. போதுமா?”

நாற்பத்தொன்றும் இருபத்தேழும். நெரினாவுக்குக் கூட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அவள் தேவையில்லாததைத்தான் எப்போதும் இரண்டுமுறை செய்வாள். இரண்டு மீட்டர் அறுபத்தெட்டு. ஏழு அடி, அதற்குமேல் ஒரு விரல்கடை.

“குதிரை போவும்,” என்றார் லோரிஸ். அவரும் கூட்டியிருந்தார்.

“வாசப்படி?” என்றாள் நெரினா. அவளுடைய வாதமே வாசப்படியில்தான் நின்றது. “வாசப்படியும் தரையும் ஒரே மட்டமா இருக்கே. வாசப்படி எப்படி ஏறும்?”

மிர்கா இந்த முறை சிரித்தாள். “வாங்க, இந்தப் பக்கம் வந்து பாருங்க. குழாய் வீட்டுக்குள்ள போற இடம்.”

தடுப்பைச் சுற்றிப்போய்ப் பார்த்தாள். வாசப்படியின் கீழே இன்னொரு வாசப்படி இருந்தது. நடுவில் குழிந்து தேய்ந்த படி. கூழாங்கல் தரையோடு ஒரே மட்டத்தில். அதன் தலைமேல் செங்கல் வைத்துப் புதுப் படியை ஏற்றியிருந்தார்கள்.

“தாழ்வாரத் தரை வீட்டுக்காரன் பொறுப்புதானே,” என்றாள் மிர்கா. “தெருவை நகரசபை ஏத்தும். தண்ணி உள்ள வரும். உடனே வீட்டுக்காரன் தரையை ஏத்துவான். தரையை ஏத்தினா கதவு திறக்காது. படியையும் ஏத்துவான். கதவை அடியில அறுப்பான். அடுத்த வீட்டுக்காரன் இவனைப் பாத்து ஏத்துவான். ஐநூறு வருஷமா இதே வேலை.”

நெரினாவுக்கு இது தெரியாதா? முப்பத்துநான்கு வருஷம் இந்த வீட்டுக்காரர்களின் விண்ணப்பங்களைப் படித்தவள். தரையை உயர்த்த அனுமதி, படியை மாற்ற அனுமதி. எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆனால் ஏழு அடி என்று மனதில் வந்ததும் உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தாளே தவிர காலின் கீழே பார்க்கவில்லை. பார்க்கச் சொன்னவரையும் பேசவிடவில்லை.

“தூணுக்கு எத்தனை வயசு?” என்று கேட்டாள்.

“மரத்துக்கு நான் வயசு சொல்ல மாட்டேன், அதுக்கு வேற ஆள் வரணும். இந்தக் கறுப்பு மண்ணுல சட்டி ஓடு கிடைச்சிருக்கு, ஆயிரத்து நானூறுகளோடது. அதுக்குப் பிந்தினது ஒண்ணும் இல்ல, அதனால மண்ணும் அந்தக் காலத்துல கொட்டினது. அது கொட்டறதுக்கு முன்னாலயே கல்லு அங்க நின்னுருக்கு. கூழாங்கல் தரை அதை விடப் பழசு. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.”

“நூறு வருஷத்துக்கு முன்னால நட்டது இல்ல.”

“எவன் சொன்னான் அப்படி?”

“நான்தான் சொன்னேன்,” என்றாள் நெரினா.

லோரிஸ் தொப்பியைக் கழற்றி மழையைத் தட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

“அவன் வந்துக்கிட்டுத்தான் இருந்தான்,” என்றார்.

“யாரு?”

“யாரு, உன் ஆளுதான். நீ அளந்ததுக்கு அப்புறமும். ஞாயித்துக்கிழமை இல்ல, செவ்வாக்கிழமை. செவ்வாக்கிழமை எனக்குக் காபி வாங்கித் தருவான், வர்ற வழியில இங்க ஒரு நிமிஷம். நான் கிண்டல் பண்ணுவேன், ‘என்னடா, பொண்டாட்டிக்குத் தெரியாம தூணோட தொடர்பா’ன்னு.”

“என்ன சொல்வார்?”

“‘அவ அளந்துட்டா’ம்பான். நடந்துருவான்.”

நெரினா டேப்பைப் பைக்குள் போட்டாள். ஒரு பட்டியலில் பெயர்களைச் சரிபார்ப்பதுபோல அடுத்தடுத்துச் செய்ய வேண்டியவை அவள் மனதில் வந்து நின்றன. புகைப்படம் வேண்டும். மிர்கா எடுத்ததன் பிரதி வேண்டும். அளந்ததற்கு ஒரு கையெழுத்து வேண்டும்.

“படம் தர முடியாது, மேலதிகாரிகிட்டக் கேக்கணும்,” என்றாள் மிர்கா.

“தடுப்புக்கு இந்தப் பக்கம் தெரு. தெருவுல நின்னு நானே எடுத்தா?”

“அது உங்க இஷ்டம்.”

“நீங்க அந்த அளவுகோலைக் கூழாங்கல் மேல நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டு இருந்தா, அது உங்க வேலை.”

மிர்கா அளவுகோலை நிமிர்த்திப் பிடித்தாள். நன்றாகத் தெரியும்படி, வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் பிடித்தாள். நெரினா ஏழு படம் எடுத்தாள். லோரிஸ் தலை நுழைந்த இரண்டை அழித்தாள்.

சங்கத்தின் அறை ஏழு கோயில் சதுக்கத்துக்குப் பின்னால், மாடியில். கவாத்ஸா பாலம் கட்டும் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மூன்று பேர் கையெழுத்தில்லாமல் நம்ப மாட்டார். மேசையில் புத்தகத்தின் இன்னொரு அச்சுப்படி இருந்தது. படங்களைப் பார்த்தார். கண்ணாடியை மாற்றிப் பார்த்தார்.

“நல்ல விஷயந்தான். அடுத்த பதிப்புல சேத்துக்கலாம்.”

“அடுத்த பதிப்பு எப்ப?”

“இது வித்தா.”

“அப்ப வராது. இன்னைக்கே சேருங்க.”

“நெரினா, எங்கிட்ட ஒரு கடிதம் இருக்கு. உங்க முத்திரை, உங்க கையெழுத்து. ‘இந்தத் தாழ்வாரம் சட்டத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை, அண்மைக் காலத்தது.’ அதுக்கு எதிரா இது என்ன? போன்ல எடுத்த படம்.”

“அந்தக் கடிதம் தப்பு.”

“சர்வேயர் தப்பா அளந்தா ஊரே சரிஞ்சுடும்னு பொதுக்குழுவுல நீங்கதான் மேசையத் தட்டிச் சொன்னீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு.”

“சொன்னேன். இந்த ஊர்ல சரிஞ்சதெல்லாம் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு, இன்ஜினியர். ஜன்னலைத் திறந்து பாருங்க.”

கவாத்ஸா சிரிக்க மாட்டேன் என்று உதட்டை இறுக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நான் அதுக்காகச் சொல்லல. அவர் பேர் போட்ட புத்தகம். நாளைக்கு ஒருத்தன் வந்து அந்த மரத்தை ஆராய்ச்சி பண்ணி, இது இருநூறு வருஷம்னு சொல்லிட்டான்னு வெச்சுக்குங்க. செத்தவர் பேர்ல சிரிப்பாங்க. உங்க பேர்ல சிரிச்சா நீங்க பதில் சொல்லுவீங்க. அவர் சொல்ல முடியாது.”

அது நியாயமான பேச்சு. நெரினா போனை மேசைமேல் வைத்தாள்.

“அப்ப தெரிஞ்சதை மட்டும் போடலாம்,” என்றாள். “மரத்தைப் பத்தி வேண்டாம். தரை இருபத்தேழு சென்டிமீட்டர் ஏறியிருக்கு. பழைய தரையில இருந்து ஏழு அடி இருக்கு. கல்லு ஆயிரத்து ஐநூறுக்கு முந்தினது. இந்த மூணும் யாரு வந்தாலும் நிக்கும். தாள் குடுங்க.”

“எதுக்கு?”

“கடிதத்தை ரத்து பண்ண.”

முப்பத்துநான்கு வருஷத்தில் அவள் தன் அளவு எதையும் ரத்து செய்ததில்லை. அதற்கு என்ன வாசகம் எழுதுவது என்றுகூடத் தெரியவில்லை. அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதியதை நினைவுபடுத்திப் பார்த்தாள். எல்லாம் சுற்றிவளைத்தவை. கடைசியில் நேராக எழுதினாள். எடுத்த அளவு சரி, அதை எடுத்த தரை பழைய தரை அல்ல, ஆகையால் முடிவு தவறு. தரை உயர்ந்திருக்கக்கூடும் என்று எவாரிஸ்தோ அப்போதே கேட்டார், நான் அதைப் பரிசீலிக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டாள்.

கவாத்ஸா படித்துவிட்டு, “இந்தக் கடைசி வரி அவசியமா?” என்றார்.

“அதுதான் அவசியம். மத்ததை அந்தப் பள்ளத்துப் பொண்ணு எழுதிடுவா.”

அவர் அச்சகத்துக்குப் போன் செய்தார். ஒரு பக்கம் கூடும் என்றார்கள். கூடட்டும் என்றார் கவாத்ஸா. பிறகு போனின் வாயை மூடிக்கொண்டு அவளைக் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை முதல் நடை. மத்த பதின்மூணுக்கும் நான் பேசிடுவேன். இந்த வீட்டைப் பத்தி யார் பேசறது?”

நெரினா இதுவரை எந்தக் கூட்டத்திலும் கட்டடங்களைப் பற்றிப் பேசினவள் இல்லை. எண்களைப் பற்றித்தான் பேசியிருக்கிறாள். எவாரிஸ்தோ பேசும்போது கடைசி வரிசையில் நின்று, கூட்டத்தில் யாருக்குக் கால் வலிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

“நான் பேசறேன்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பாதிப்பேர் எவாரிஸ்தோவின் பேருந்தில் ஏறினவர்கள், மீதிப்பேர் அவர் நடையில் வந்தவர்கள். கவாத்ஸா புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார், தேதி எதுவும் தப்பவில்லை, கேட்டவர்களுக்கு அரண்மனைச் சுவரில் கொட்டாவி வந்தது. கோபுரங்களைத் தாண்டி, முந்தின மூலையில் திரும்பாமல், கூட்டம் பட்டுநூல் சந்துக்குள் நுழைந்தது.

பள்ளம் மூடியாகிவிட்டது. புதிய சிமென்ட் பட்டை ஒன்று தாழ்வாரத்தின் குறுக்கே ஓடியது. அதற்கு அந்தப் பக்கம் லோரிஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிமென்ட் சரியாகப் பூசவில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நெரினா நடுத்தூணின் பக்கத்தில் நின்றாள்.

“நீங்க எல்லாரும் இப்ப மேல பாக்கறீங்க,” என்று ஆரம்பித்தாள். “எல்லாரும் அங்கதான் பாப்போம். ரெண்டு அறுபத்தாறு இருக்கான்னு கண்ணாலயே அளப்போம். நானும் அதத்தான் செஞ்சேன். இப்ப நீங்க நிக்கற இடத்துக்கு ஒரு சாண் கீழ இன்னொரு தரை இருக்கு. உங்களுக்கு முன்னால இங்க நடந்தவங்க அதுமேல நடந்தாங்க.”

நாற்பது பேரும் காலைப் பார்த்தார்கள். ஒருவர் ஒதுங்கி நின்றார், மிதித்துவிட்டவரைப் போல.

அவள் கல்லைப் பற்றிச் சொன்னாள். படிக்குக் கீழே இருக்கும் படியைப் பற்றிச் சொன்னாள். ஐநூறு வருஷமாக ஒருவனைப் பார்த்து ஒருவன் ஏற்றிய கதையைச் சொன்னபோது, முன்வரிசையில் நின்ற ஒரு தடித்த மனிதர், “என் மாமனார் போன வருஷம் ஏத்தினார், கதவையும் அறுத்தார்,” என்றார். கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குகிறவரை அவள் காத்திருந்தாள். அப்படிக் காத்திருக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

“ஆறு வருஷத்துக்கு முன்னால இந்த வீட்டை நடையில இருந்து எடுத்தது நான். எவாரிஸ்தோ ரெண்டு காரணம் சொன்னார். தூணை அறுத்திருப்பாங்கன்னார், அது தப்பு, தூணை யாரும் தொடல. தரை ஏறியிருக்குமான்னு கேட்டார், அது சரி. ரெண்டையும் நான் ஒரே மூச்சுல தள்ளிட்டேன். வியாழக்கிழமைதான் தெரிஞ்சுது.”

பச்சைத் துண்டு சுற்றியிருந்த ஒரு பெண் கை தூக்கினாள். ஐம்பது வயது இருக்கும். எவாரிஸ்தோவின் நடைகளில் தவறாமல் வந்தவள்.

“அப்ப அவர் இது தெரியாமலே போயிட்டாரா?”

கவாத்ஸா முன்னால் வந்து ஏதோ சொல்லப் பார்த்தார். நெரினா கையால் அவரை நிறுத்தினாள்.

“ஆமா,” என்றாள். “தெரியாமத்தான் போனார்.”

அந்தப் பெண் தலையசைத்தாள். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் தூணைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து பாவுகல்லைத் தட்டிப் பார்த்தார். நெரினா அவர்களுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“வாங்க. பன்னெண்டு அடிச்சா கோயிலைச் சாத்திடுவாங்க, அப்புறம் மூணரைக்குத்தான் திறப்பாங்க.”

கவாத்ஸா புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்காகக் காத்திராமல் அவள் முன்னால் நடந்தாள்.